கோதிக் கதைத் தொகுப்பைக் குழுவாகப் படிக்க: லெ ஃபானுவின் ஐந்து கதைகளை வைத்து ஒரு வழிகாட்டி

பேய்க்கதைப் புத்தகம் ஒன்றைச் சேர்ந்து படிக்கலாமா என்று கேட்டால் எல்லாரும் உடனே சரி என்பார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு நாலு பேர் வருவார்கள், அதில் இரண்டு பேர் கதையைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் குழு தட்டுத்தடுமாறி ஒரு தொகுப்பை முழுதாக முடித்தது. சென்னை, சிங்கப்பூர், லண்டன், டொரொன்டோ என்று சிதறிக் கிடக்கிற தமிழ் வாசகர்கள் நாங்கள். வாசிப்பு ஆங்கிலத்தில், பேச்சு தமிழில். நீங்கள் புதிதாகத் தொடங்குவதாக இருந்தால் எங்களுக்கு வந்த தலைவலி உங்களுக்கும் வர வேண்டியதில்லை.

புத்தகம், ஜோசப் ஷெரிடன் லெ ஃபானுவின் 'இன் எ கிளாஸ் டார்க்லி'. டப்ளின்காரர். 1872இல் வந்த கோதிக் (பேயும் மர்மமும் அச்சமும் கலந்த) கதைத் தொகுப்பு. ஐந்தே கதைகள்: 'கிரீன் டீ', 'தி ஃபெமிலியர்', 'மிஸ்டர் ஜஸ்டிஸ் ஹார்பாட்டில்', 'தி ரூம் இன் தி டிராகன் வோலான்ட்', 'கார்மில்லா'. முதல் தடவை குழுவாகப் படிப்பவர்களுக்கு இதைத்தான் சிபாரிசு செய்வேன். காசு கொடுக்காமல் கிடைக்கும். முதல் மூன்று கதைகளை ஒவ்வொன்றாக ஒரே மாலையில் முடித்துவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஐந்தும் டாக்டர் ஹெசெலியஸ் என்ற ஒரே மருத்துவரின் காகிதக் கட்டிலிருந்து எடுத்தவை என்ற ஏற்பாட்டில் எழுதப்பட்டவை. பேசுவதற்கு அந்த ஏற்பாடு ஒன்றே போதும்.

1. முதலில் பதிப்பை முடிவு செய்யுங்கள்

ஆள் சேர்ப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். ஆளுக்கொரு பதிப்போடு வந்து உட்கார்ந்தால் முதல் அரை மணி நேரம் 'எந்தப் பக்கம், எந்தப் பக்கம்' என்பதிலேயே போய்விடும்.

லெ ஃபானு 1873இல் இறந்தார். இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை, பிரிட்டனில் 70 ஆண்டு வரை. இரண்டு கணக்கிலும் மூலக் கதைகள் எப்போதோ பொதுவுடைமை (உரிமைக் காலம் முடிந்து யாரும் பயன்படுத்தலாம் என்ற நிலை) ஆகிவிட்டன. புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

இதில் ஒரு பொறி உண்டு. முதற்பதிப்பு மூன்று தொகுதிகளாக வந்ததால் குட்டன்பர்க்கிலும் மூன்று தனிக் கோப்புகளாகவே இருக்கும். முதல் கோப்பை மட்டும் இறக்கிவிட்டு 'இதில் கார்மில்லாவே இல்லையே' என்று கேட்பவர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். மூன்று இணைப்பையும் ஒரே செய்தியில் அனுப்பிவிடுங்கள்.

அச்சுப் புத்தகம் வேண்டும் என்பவர்களுக்கு ஆக்ஸ்போர்டு வேர்ல்ட்ஸ் கிளாசிக்ஸ் வரிசையில் ஒன்று உண்டு. குறைந்த விலைக்கு வேர்ட்ஸ்வொர்த் வரிசை. இணையக் கடைகளில் பெயர் தெரியாத பதிப்பகங்கள் ஸ்கேன் செய்து அடித்துத் தருகிற மலிவு நூல்களை வாங்காதீர்கள். எழுத்துகள் குழம்பியிருக்கும், சில சமயம் கதைக்கு முன்னால் வரும் முன்குறிப்பே இருக்காது. இந்தத் தொகுப்பில் முன்குறிப்பு போனால் பாதிக் கதை போன மாதிரி. அது ஏன் என்பது 5ஆம் படியில் வரும்.

இன்னும் இரண்டு விஷயம். புதிய பதிப்புகளின் முன்னுரையும் அடிக்குறிப்பும் அவற்றை எழுதிய பேராசிரியர்களின் உரிமை. அவற்றைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். மொழிபெயர்ப்புக்கும் இதே விதிதான்: மூலம் பொதுவுடைமை என்பதால் மொழிபெயர்ப்பும் பொதுவுடைமை ஆகிவிடாது. அப்புறம், அந்த முன்னுரைகளைக் கடைசியில் படிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவை எடுத்த எடுப்பிலேயே முடிவைப் போட்டு உடைத்துவிடும்.

மேற்கோள் காட்டும்போது பக்க எண் வேண்டாம், கதைப் பெயரும் அத்தியாய எண்ணும் போதும். இதை முதல் நாளே விதியாக்கிவிடுங்கள்.

2. ஆள் சேர்ப்பது

பத்திலிருந்து பன்னிரண்டு பேர் வரை அழைக்கலாம். ஏழெட்டுப் பேர் தொடர்ந்து வருவார்கள், பேச்சுக்கு அது சரியான அளவு. இருபது பேரைச் சேர்த்தால் இரண்டு பேர் பேச மற்றவர்கள் கேட்பார்கள், அப்புறம் அது சொற்பொழிவுதான்.

சேரும்போதே ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில உரைநடை படித்துப் பழக்கமா? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும்? எதைப் பற்றிய கதைகள் உங்களுக்கு வேண்டாம்? மூன்றாவது கேள்வி சம்பிரதாயத்துக்கு இல்லை. இந்தத் தொகுப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட கதைகளில் தற்கொலை வருகிறது. அண்மையில் வீட்டில் துக்கம் நடந்த ஒருவர் 'சும்மா பேய்க்கதைதானே' என்று நினைத்து வந்து உட்காரக் கூடாது. முன்கூட்டியே ஒரு வரி சொல்லிவிடுங்கள், எந்தக் கதைக்கு வருவது என்பதை அவரே முடிவு செய்துகொள்வார்.

பழைய ஆங்கிலம் பழகாதவர்களைத் தவிர்க்க வேண்டாம். கார்மில்லா போன்ற கதைகளைத் தன்னார்வலர்கள் வாசித்த ஒலிப்பதிவுகள் லிப்ரிவாக்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. காதில் ஒலிக்க, கண் வரியில் ஓட, நீள வாக்கியங்கள் தானாகப் பிடிபடும். பயணத்தில் கேட்பவர்களுக்கும் வசதி.

3. நாட்காட்டி போடுவது

இரண்டு வாரத்துக்கு ஒரு கூட்டம், மொத்தம் ஏழு. வாரா வாரம் வைத்தால் வேலைக்குப் போகிறவர்கள் மூன்றாவது வாரமே மூச்சு வாங்குவார்கள். மாதம் ஒன்று வைத்தால் போன கதை மறந்துபோகும்.

பிரிப்பு இப்படி: 'கிரீன் டீ' ஒரு கூட்டம், 'தி ஃபெமிலியர்' ஒன்று, 'ஹார்பாட்டில்' ஒன்று, 'டிராகன் வோலான்ட்' இரண்டு, 'கார்மில்லா' இரண்டு. டிராகன் வோலான்ட்டில் 26 அத்தியாயங்கள், 13இல் நிறுத்துங்கள். கார்மில்லாவில் 16, 8இல் நிறுத்துங்கள். எட்டாவது அத்தியாயம் முடியும்போது அதுவரை நடந்த விசித்திரத்துக்கெல்லாம் கதாநாயகியின் அப்பா ஒரு விளக்கம் சொல்வார்: தூக்கத்தில் நடக்கிற வியாதி. கேட்க ரொம்ப நியாயமாக இருக்கும். அந்த நியாயத்தோடு இரண்டு வாரம் காத்திருப்பது தனிச் சுகம்.

கார்மில்லா பிரபலம் என்பதால் அதிலிருந்து தொடங்கலாம் என்று யாராவது சொல்வார்கள். விடாதீர்கள். முதலில் அதைப் படித்தால் மற்ற நாலும் சப்பென்று இருக்கும். டிராகன் வோலான்ட்டைத் தள்ளிவிடலாம் என்றும் கேட்பார்கள், ஏனென்றால் நீளம் அதிகம், பேயே கிடையாது. அதையும் விடாதீர்கள் என்பேன். மூன்று கதையாகப் பேயைப் பார்த்துப் பழகிய கண் நாலாவதிலும் பேயைத் தேடும். அங்கே நடப்பதோ மனிதர்கள் போடும் திட்டம். 1815, நெப்போலியன் விழுந்த பிறகான பிரான்ஸ், கையில் நிறையப் பணத்தோடு ஓர் இளம் ஆங்கிலேயன், அவனுக்கு எல்லாரும் நண்பர்கள். இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

ஏழு கூட்டத்துக்கு முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை பன்னிரண்டு வாரம் ஆகும். ஜூலை முதல் ஞாயிறு தொடங்கினால் செப்டம்பருக்குள் முடிந்துவிடும். அக்டோபரைத் தொட்டால் நவராத்திரி, தீபாவளி என்று ஆள் கிடைக்காது. டிசம்பரில் தொடங்கினால் சென்னையில் பாதிப் பேர் சபாக்களில் இருப்பார்கள்.

4. நேரமும் இடமும்

பல நாட்டில் ஆள் இருந்தால் ஞாயிறு இந்திய நேரம் மாலை 7.30 ஓரளவு எல்லாருக்கும் ஒத்துவரும். கோடையில் அது லண்டனில் பிற்பகல் 3 மணி, டொரொன்டோவில் காலை 10, சிங்கப்பூரில் இரவு 10. சிங்கப்பூர்காரர்கள்தான் பாவம், மறுநாள் திங்கட்கிழமை. அவர்களைக் கூட்டத்தின் முதல் பாதியிலேயே பேசவைத்துவிடுங்கள்.

ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறும் வட அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். மார்ச்சில் முன்னால் தள்ளுவதும் இரண்டு இடத்திலும் வேறு வேறு ஞாயிறு. இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் மாற்றம் இல்லை. இந்த வாரங்களில் கூட்டம் வந்தால் யாராவது ஒருவர் ஒரு மணி நேரம் தப்பித்தான் வருவார். ஜூலை - செப்டம்பர் நாட்காட்டிக்கு இந்தத் தொல்லையே இல்லை.

காணொளி அழைப்புக்கு முன்னால் காலவரம்பைப் பாருங்கள். ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடம், கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு மணி நேரம். கூட்டம் ஒன்றரை மணி நேரம் என்பதால் ஜூமுக்கு மூன்று, மீட்டுக்கு இரண்டு இணைப்பு முன்கூட்டியே தயாராக இருக்கட்டும். முதல் இணைப்பு அறுபடும் நேரத்தையே இடைவேளையாக வைத்துக்கொள்ளலாம்.

எல்லாரும் ஒரே ஊர் என்றால் நேரில் கூடுங்கள், அதற்கு ஈடே இல்லை. நூலகத்திலோ மன்றத்திலோ அறை கேட்டால் பெரும்பாலும் ஒரு விண்ணப்பக் கடிதமும் பொறுப்பாளரின் அடையாள அட்டை நகலும் கேட்பார்கள். கடிதத்தில் எல்லாத் தேதியையும், எத்தனை பேர் என்பதையும், கட்டணம் வசூலிக்கவில்லை என்பதையும் எழுதிவிடுங்கள். இரண்டு மூன்று வாரம் முன்பே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். காபிக் கடை வேண்டாம். இரைச்சலில் சத்தமாக வாசிக்க முடியாது, ஒரு மணி நேரத்தில் மேசையைக் காலி செய்யச் சொல்வார்கள்.

5. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

மூன்று தாள் போதும்.

முதலாவது, கால அட்டவணை. தேதி, ஒவ்வொரு நாட்டின் நேரம், கதை, எந்த அத்தியாயம் வரை, தொடங்கிவைப்பவர் பெயர். ஒரே பக்கம்.

இரண்டாவது, ஆள் பெயரும் ஊரும். முடிவைச் சொல்லாமல், யார் யாருக்கு என்ன உறவு என்று மட்டும். ஹார்பாட்டில் கதைக்கும் கார்மில்லாவுக்கும் இது கட்டாயம். கார்மில்லா நடப்பது ஆஸ்திரியாவின் ஸ்டிரியா பகுதியில். அது எங்கே என்று ஒரு வரி, வரைபடம் ஒன்று, போதும்.

மூன்றாவதுதான் உயிர்நாடி. எங்கள் குழுவில் இதற்கு 'யார் சொன்னது' தாள் என்று பெயர். கதை யார் வாயிலிருந்து கிளம்பி, யார் யார் கை மாறி நம்மிடம் வந்திருக்கிறது என்பதை வரிசையாக எழுதுவது. கிரீன் டீக்கு எழுதிப் பாருங்கள். ஜென்னிங்ஸ் என்ற பாதிரியார் தனக்கு நேர்ந்ததை ஹெசெலியஸிடம் சொல்கிறார். ஹெசெலியஸ் அதைக் கடிதங்களாக நெதர்லாந்தின் லெய்டன் நகரில் இருக்கும் பேராசிரியர் வான் லூவுக்கு எழுதுகிறார். பிறகு ஹெசெலியஸின் செயலாளர் அவற்றை மொழிபெயர்த்து, வெட்டி, நமக்குத் தருகிறார். அந்தச் செயலாளரும் மருத்துவம் படித்தவர்தான். அறுவைக் கத்தி கீறி இரண்டு விரலை இழந்ததால் தொழிலை விட்டவர். ஆக நம்மிடம் வருவது மூன்று கை மாறிய கதை.

ஹார்பாட்டிலில் இன்னும் வேடிக்கை. அந்த வழக்கைப் பற்றி இரண்டு அறிக்கைகள் இருந்தனவாம். அவற்றில் நல்லது திருமதி டிரிம்மர் எழுதியது. ஹெசெலியஸ் அதை ஒருவருக்கு இரவல் கொடுத்தார், பத்திரமாகத் திரும்பி வந்ததென்று அவரே எழுதியும் இருக்கிறார், ஆனாலும் செயலாளர் தேடும்போது அது கிடைக்கவில்லை. அதனால் நாம் படிப்பது ஹார்மன் என்பவர் எழுதிய இரண்டாம் தர அறிக்கை. முன்குறிப்பு இல்லாத பதிப்பை வாங்காதீர்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். இந்தத் தாளை ஒவ்வொரு கதைக்கும் வாசகர்களே நிரப்பிக்கொண்டு வரட்டும். நீங்கள் நிரப்பிக் கொடுத்தால் யாரும் முன்குறிப்பைத் தொட மாட்டார்கள்.

6. ஒன்றரை மணி நேரத்தை நடத்துவது

முதல் பத்து நிமிடம், தொடங்கிவைப்பவர் கதையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். எல்லாரும் படித்திருந்தாலும் சொல்ல வேண்டும். படிக்காமல் வந்தவர் அப்போது பிடித்துக்கொள்வார். பிறகு ஒரு பத்தியைச் சத்தமாக வாசியுங்கள். அடுத்த இருபது நிமிடம் 'யார் சொன்னது' தாள். அதன்பின் நாற்பது நிமிடம் கதை. பேய் உண்மையா பிரமையா என்ற கேள்விக்கு அதற்குப் பிறகு ஐந்து நிமிடம்தான்.

அந்த வரிசையை மாற்றாதீர்கள். பேய் உண்டா இல்லையா என்று முதலிலேயே ஆரம்பித்தால் குழு இரண்டு கட்சியாகப் பிரியும், ஆளுக்கு ஒரு தீர்ப்பு சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வார்கள். யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும், எதை அவர் சொல்லவில்லை என்று போனால் அதே ஆட்கள் புத்தகத்தைப் புரட்டி வரியைக் காட்டிச் சண்டை போடுவார்கள். எங்கள் குழு தேறியது இந்த ஒரு மாற்றத்தால்தான் என்று நினைக்கிறேன்.

இனி, கூட்டத்தைக் கவிழ்க்கிற விஷயங்கள். முதலிடம் சொந்தப் பேய்க்கதைக்கு. 'எங்க ஊர்ப் புளியமரத்துல...' என்று ஒருவர் ஆரம்பித்தால் அடுத்த முக்கால் மணி நேரம் முனி, மோகினி, கொள்ளிவாய்ப் பிசாசுதான். தடுத்தால் மனம் கோணும். தனியாகக் கடைசிக் கால் மணி நேரத்தை அதற்கென்றே ஒதுக்கி முன்பே அறிவித்துவிடுங்கள். உண்மையைச் சொன்னால் சிலர் அதற்காகவே வருகிறார்கள்.

அடுத்தது சினிமா. கார்மில்லா என்றதும் ரத்தக்காட்டேரிப் படங்களுக்கு ஓடிவிடுவார்கள். டிராகுலா நாவல் வந்தது 1897இல், கார்மில்லாவுக்குக் கால் நூற்றாண்டு கழித்து என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதைக்குத் திரும்புங்கள். மூன்றாவது, இன்றைய மனநோய்ப் பெயர்களைக் கதாபாத்திரங்களுக்குச் சூட்டுவது. ஒரு பெயர் வைத்தவுடன் பேச்சு செத்துவிடும். 'எந்த வரியில் அப்படித் தெரிகிறது?' என்று கேளுங்கள், போதும்.

7. எங்கே நிறுத்திப் பேசுவது

கதை முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் நேராக 8ஆம் படிக்குப் போய்விடுங்கள். இது நடத்துபவர்களுக்கு.

கிரீன் டீயில் ஜென்னிங்ஸின் பின்னால் ஒரு சிறு கறுப்புக் குரங்கு வருகிறது. முதலில் அதைப் பார்ப்பது ஓர் ஆம்னிபஸ் (குதிரை இழுக்கும் அந்தக் காலப் பயணிகள் வண்டி) உள்ளே இருட்டில், இரண்டு சிவப்புப் புள்ளிகளாக. அந்த இடத்தைச் சத்தமாக வாசியுங்கள். ஆனால் கூட்டத்தின் பெரும்பகுதியை மருத்துவர் மீது செலவழியுங்கள். குரங்கு திரும்பி வந்தால் உடனே ஆள் அனுப்பு என்று சொன்ன ஹெசெலியஸ், நிம்மதியாக யோசிக்க வேண்டும் என்று ஊருக்கு வெளியே ஒரு விடுதிக்குப் போகிறார். இருக்குமிடம் யாருக்கும் தெரியாது. அன்றிரவுதான் ஜென்னிங்ஸின் கடிதம் வருகிறது. அவர் திரும்பும்போது எல்லாம் முடிந்துவிட்டது. இதற்குப் பிறகும் அந்த மனிதர், இத்தகைய 57 நோயாளிகளுக்குத் தாம் வைத்தியம் பார்த்ததாகவும், ஜென்னிங்ஸுக்கு வைத்தியம் தொடங்கவே இல்லை என்றும் பேராசிரியருக்கு எழுதுகிறார்! எங்கள் குழுவில் மிகவும் அமைதியான ஒருவர் இந்த இடத்தில்தான் முதன்முறையாகக் குரலை உயர்த்தினார்.

ஃபெமிலியரில் டப்ளின் தெருக்களில் கேப்டன் பார்ட்டனின் பின்னால் காலடிச் சத்தம். பயத்தைவிட ஒரு கேள்வியில் நிறுத்துங்கள்: ஒரு மனிதனின் உருவத்தையே சுருக்கிவிடுகிற நோய் உண்டா என்று அவர் மருத்துவரிடம் கேட்பார். ஏன் அப்படிக் கேட்கிறார் என்பதில் அவருடைய பழைய கணக்கு முழுதும் இருக்கிறது.

ஹார்பாட்டில் தூக்குத் தண்டனையை அள்ளி வழங்கும் நீதிபதி. கனவில் அவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற நீதிபதி அவருடைய ஊதிப் பெருத்த நகல். கனவில் காலில் விலங்கு பூட்டிய இடத்தில் விழித்ததும் வாத வலி. வலியிலிருந்து கனவு வந்ததா, கனவிலிருந்து வலி வந்ததா என்று கேட்டுவிட்டு நீங்கள் சும்மா இருக்கலாம்.

டிராகன் வோலான்ட்டுக்கு ஒரே பயிற்சி: இரண்டாம் கூட்டத்தில் முதல் பாதிக்குத் திரும்பிப் போய், யார் எப்போது பொய் சொன்னார்கள் என்று தேடுவது. வெர்சாய் முகமூடி விருந்தில் வரும் குறிசொல்லியை மறக்காதீர்கள்.

கார்மில்லாவில் முன்குறிப்பை இரண்டாம் கூட்டத்தின் முடிவில் மறுபடி வாசியுங்கள். இதை எழுதிய பெண்ணை, அதாவது கதாநாயகி லாராவைத் தொடர்புகொள்ள முயன்றதாகவும், அதற்குள் அவர் இறந்துவிட்டதாகவும் செயலாளர் சொல்கிறார். முதலில் படிக்கும்போது யாரும் அதைக் கவனிப்பதில்லை. லாராவுக்குக் கார்மில்லா மீதுள்ள ஈர்ப்பைப் பற்றிப் பேசாமல் இந்தக் கதையைப் பேசவே முடியாது. குழுவில் வயதில் மூத்தவர்கள் இருந்தாலும் கூச்சப்பட்டுத் தாண்டாதீர்கள். லாரா எழுதிய வரிகளையே வாசித்துக் காட்டினால் பேச்சு தானாக வரும்.

8. செலவு

மின்கோப்பில் படித்தால் புத்தகச் செலவு இல்லை. அச்சுப்பிரதி எடுப்பவர்கள் முதல் மூன்று கதைகளை மட்டும் எடுக்கட்டும். டிராகன் வோலான்ட்டை அச்சிட்டால் தாளும் போகும், தைக்கவும் வேண்டும். நகல் கடையில் பக்கத்துக்கு ஒன்றிரண்டு ரூபாய் என்று வைத்தால் இரண்டு பக்கமும் அடித்து, எழுத்தளவைக் கொஞ்சம் குறைத்து வாங்கினால் கட்டுப்படியாகும். நேரில் கூடினால் அறை வாடகை, தேநீர் இரண்டும்தான் உண்மையான செலவு. இதற்கு மொத்தமாகப் பணம் வசூலித்து ஒருவர் கையில் கொடுக்க வேண்டாம். கூட்டத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டால் கணக்கு எழுத வேண்டிய வேலையே இல்லை.

காணொளிக் கணக்குக்குச் சந்தா கட்டலாமா என்று கேட்டால், முதல் சுற்றுக்கு வேண்டாம். ஏழு கூட்டமும் நடந்து முடியட்டும்.

9. சுற்று முடிந்ததும்

கூட்டத்தைப் பதிவு செய்ய நினைத்தால் முதல் நாளே எல்லாரிடமும் அனுமதி கேளுங்கள். ஒருவர் வேண்டாம் என்றாலும் விட்டுவிடுங்கள். பதிவு ஓடுகிறது என்று தெரிந்தால் புதியவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். அதற்குப் பதில் ஆளுக்கொரு முறை அரைப் பக்கக் குறிப்பு எழுதச் சொல்லலாம்: எந்த வரியில் சண்டை வந்தது, எது முடிவாகவில்லை. அந்தக் குறிப்புகளையும் நிரப்பிய 'யார் சொன்னது' தாள்களையும் ஒரே கோப்புறையில் போட்டு, கதைப் பெயரையும் தேதியையும் கோப்பின் பெயராக வையுங்கள்.

கடைசிக் கூட்டம் கலைவதற்கு முன்பே அடுத்த புத்தகத்தை முடிவு செய்துவிடுங்கள். பிறகு வாக்கெடுப்பு வைக்கலாம் என்று ஒத்திப்போட்டால் குழுவில் காலை வணக்கப் படங்கள்தான் வந்துகொண்டிருக்கும். தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, ஆசிரியர் எந்த ஆண்டு இறந்தார் என்பது. பதிப்புரிமை தீர்ந்திருந்தால் 1ஆம் படியிலிருந்து அப்படியே தொடங்கலாம். தீரவில்லை என்றால் ஒவ்வொருவரும் புத்தகம் வாங்க வேண்டியிருக்கும், அது கைக்கு வந்து சேர ஒரு மாதம் கூடுதலாக நாட்காட்டியில் விடுங்கள்.